பதினைந்து கல்லுக்குப் பதினாலு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ஜீப்பாம். அந்த ஜீப்புக்குள்ளே ஒரு புருசனாம், ஒரு பொஞ்சாதியாம், ரெண்டு பேருக்கும் நடுவிலே மூணாவது ஆளாக ஒரு மீட்டராம். புருசன் வாயைத் திறந்தால் பொய் வரலாம், பொஞ்சாதி வாயைத் திறந்தால் சண்டை வரலாம், வாயே இல்லாத மீட்டருக்குப் பொய்யும் தெரியாதாம் சண்டையும் தெரியாதாம். அப்படித்தான் ஒச்சம்மா ஆறு வருசமாக நினைத்திருந்தாள். இன்றைக்குச் சனிக்கிழமை, காலை ஏழரை மணி. ஊர் எல்லையில் எழுபத்தைந்தாம் கல்லை ஜீப் தாண்டும்போது மீட்டரின் கடைசி மூன்று எண்கள் நானூற்றுப் பன்னிரண்டு. நானூத்திப் பன்னெண்டு, நானூத்திப் பன்னெண்டு என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டாள். மடியில் மஞ்சப்பை. மேலே தேங்காய், பழம், சூடம், எஸ்டேட் மாரியம்மனுக்கு. அடியில் ரெண்டு சேலை, ஒரு சோப்பு டப்பா. அடியில் இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இந்த மனுசன் சொல்வது பொய் என்று இன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டால் எஸ்டேட்டிலிருந்தே பஸ் ஏறிக் கம்பத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை. இருபத்தாறு வருசத்தை ரெண்டு சேலைக்குள் மடித்து வைத்தாயிற்று. மடித்துவைத்த பிறகு அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

புருசன் காசிமாயன் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் கத்தரிக்காய் மூட்டைகள், அவரை, மல்லிக்கட்டு, எல்லாம் மலைமேல் எஸ்டேட் சந்தைக் கடைக்கு. சனிக்கிழமை தவறாமல் காய் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வருகிற பிழைப்பு. போக எழுபத்தைந்து, வர எழுபத்தைந்து, ஆகக் கூடி நூற்றைம்பது. ஆறு வருசத்துக்கு முன்னால் இந்த மனுசன் சீட்டாடப் போய்விட்டுச் சந்தைக்குப் போனேன் என்று நாலு மாதம் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்து, அவள் கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்துகொண்ட அன்றைக்கு, வந்து கையைப் பிடித்து இழுத்து, ஜீப்புக்குள் தலையை விடச் சொல்லி, நடுவில் இருக்கிற இந்த மீட்டரின் மேலே கையை வைத்து அடித்தான் சத்தியம். "என்னைய நம்ப வேணாம்டி, இதை நம்பு. போகும்போது பாரு, வரும்போது பாரு. ஒரு கல்லு கூடக்கொறைய இருந்தா என்னான்னு கேளு." கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்வார்கள், பிள்ளை தலையில் அடித்துச் செய்வார்கள், மீட்டரில் அடித்துச் செய்தவனை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் நம்பினாள். சனிக்கிழமை காலையில் வாசல் தெளித்துவிட்டு ஒரு எட்டு, ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு ஒரு எட்டு. நூற்றைம்பது. நூற்றைம்பது. மழைக்கும் நூற்றைம்பது, வெயிலுக்கும் நூற்றைம்பது. உப்புப் போட்டோமா என்று குழம்பை நாக்கில் தொட்டுப் பார்க்கிற மாதிரி, பார்த்தால்தான் அன்றைக்கு நாள் முடியும்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை நூற்றுநாற்பது. கண்ணு மங்கிருச்சோ என்று திரும்பப் போய்ப் பார்த்தாள். அடுத்த சனியும் நூற்றுநாற்பது. அதற்கடுத்த சனியும். பத்துக் கல் எங்கே போனது? பத்து கூடினாலாவது எங்கேயோ சுற்றினான் என்று கேட்கலாம், குறைந்தால் என்னவென்று கேட்பது? குறைந்தால் போகவில்லை என்று அர்த்தம். எஸ்டேட்டுக்கு அஞ்சு கல்லுக்கு முன்னாலேயே நிற்கிறான் என்று அர்த்தம். அங்கே என்ன இருக்கிறது? அங்கேதான் பாக்கியம் டீக்கடை இருக்கிறது. பாக்கியத்துக்குப் புருசன் செத்து மூன்று வருசம், பல் வரிசை நன்றாக இருக்கும், சிரித்தால் எதிரே நிற்பவன் கிளாஸைக் கீழே வைக்க மாட்டான். காயை அங்கே இறக்கி வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு இவன் அங்கேயே. அவ்வளவையும் அவள் ஒரு நாள் பாத்திரம் விளக்கும்போது யோசித்து முடித்தாள். யோசித்து முடித்த பிறகு அது நடந்ததாகவே ஆகிவிட்டது, பாக்கியத்தின் வளையல் சத்தம்கூடக் கேட்டது. மூணாவது சனிக்கிழமை போலீஸ் வேறு பிடித்துவிட்டது என்று வந்தான். அறுபதுக்கு மேல போகக்கூடாத இடத்துல அறுபத்திநாலு போனேனாம், மெசினு சொல்லுதாம், நான் அறுபதுலதான்டி வந்தேன், முள்ளு மேல கண்ணை வச்சுக்கிட்டே வந்தேன் என்று புலம்பினான். பொய் சொல்கிற வாய்க்குப் போலீஸும் பொய், மெசினும் பொய் என்று அவள் உள்ளே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு, போன ரெண்டு சனிக்கிழமையும், மறுபடி நூற்றைம்பது. சரியாக நூற்றைம்பது. அப்பாடா என்று ஒரு பக்கம். திடீரென்று ஏன் திருந்தினான் என்று ஒரு பக்கம். திருந்தினவன் முகம் இப்படியா இருக்கும்? ராத்திரி சாப்பிடும்போது தானாகச் சிரிக்கிறான், அவள் பார்த்தால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்குகிறான்.

இன்று விடியற்காலையில் "நானும் வாரேன், மாரியாத்தாளுக்குத் தேங்கா ஒடைக்கணும்" என்று சொன்னபோது அவன் துண்டை உதறிக்கொண்டிருந்தான். உதறின கை அப்படியே நின்றது. "இன்னைக்கா?" என்றான். "ஏன், இன்னைக்கு மாரியாத்தா லீவா?" என்றாள். அந்த 'இன்னைக்கா'வை அவள் இப்போது வரைக்கும் மென்றுகொண்டிருக்கிறாள். ஏறும்போது கால் எட்டவில்லை, ஜீப் முன்னைக்கு இப்போது உயரமாகத் தெரிந்தது, கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினாள். அவன் கையும் கொடுக்கவில்லை, அவள் சீட்டின் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் இந்தச் சத்தம். ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால், அவள் சீட்டுக்கு அடியிலிருந்து, கீச். எலியா? எலி ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்துமா. ஸ்பிரிங்கா? ஸ்பிரிங் இவ்வளவு சின்னக் குரலில் கத்துமா. "என்னங்க அது?" "எது?" "கீச்சுங்குது." "பழைய வண்டி, எல்லாந்தான் கீச்சுங்கும். நீயும் நானும் கீச்சுங்கலையா." சிரிக்காமல் சொன்னான். சிரிக்காமல் சொல்லுகிற நக்கல் பயந்தவன் சொல்லுகிறது.

அறுபத்தெட்டாம் கல் தாண்டி காதர் கடையில் காத்துப் பிடிக்க நிறுத்தினான். காதர் டயர்க்கடைக்காரர், காசிமாயனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். "வா மாப்ள" என்று வந்தவர் ஒச்சம்மாவைப் பார்த்ததும், "அடடே, தங்கச்சி! ஏணி போட்டு ஏறுனியா? எஸ்டேட்டு மேனேஜர் ஜீப்புல கழட்டுன டயரு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு மாட்டுனாரும்மா ஒன் வீட்டுக்காரரு. இருபத்தெட்டு இஞ்சு நின்ன சக்கரம், இப்ப முப்பது இஞ்சு. எம்ஜின் மூச்சு வாங்குது, ஆளு மட்டும் மைனராட்டம் போறாரு" என்றார். குனிந்து காற்றுக் குழாயைச் செருகிக்கொண்டே, "இன்னும் மீட்டரு கொறச்சுத்தான் காட்டுதா மாப்ள? போலீசு புடிச்ச மறுநா வந்து கேட்டியே, என்னா எழவுடா இது அறுபதுன்னு காட்டி அறுபத்திநாலு ஓடுதுன்னு. பாவம், அதுக்கென்ன தெரியும். சக்கரம் எத்தன சுத்து சுத்துச்சுன்னு எண்ணும், அம்புட்டுத்தான். சுத்து பெருசாப் போனதை அதுக்கு யாரு சொல்றது?" என்றார். "காத்து போதும் காதரு," என்றான் காசிமாயன். "இன்னும் ஒரு சக்கரம் இருக்குடா." "போதும்ங்கிறேன்ல." காதர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார், அப்புறம் நாலாவது சக்கரத்துக்குப் போனார். அவள் மஞ்சப்பையின் வாயை ரெண்டு சுற்றுச் சுற்றினாள்.

கிளம்பிய பிறகு சக்கரத்தின் இரைச்சல் மட்டும் காதில் நிறைந்தது. இந்த டயர்களுக்கே ஒரு உறுமல் உண்டு, ஆள் பேசாதபோது அது பேசும். புளியமரம், புளியமரம், கல். கல்லின் எண் இறங்கிக்கொண்டே வந்தது, மீட்டரின் எண் ஏறிக்கொண்டே வந்தது. அறுபதாம் கல் வந்தபோது மீட்டரைப் பார்த்தாள். நானூற்று இருபத்தாறு. பன்னிரண்டிலிருந்து இருபத்தாறு, பதினாலு. எழுபத்தைந்திலிருந்து அறுபது, பதினைந்து. விரலை மடக்கித் திரும்ப எண்ணினாள். பதினைந்து கல்லுக்குப் பதினாலு. ஒரு கல்லை யாராவது பிடுங்கிவிட்டார்களா? ரோடு அகலப்படுத்தும்போது கல்லை மாற்றி நட்டிருப்பார்களா? ஆறு வருசமாக நூற்றைம்பது காட்டின ரோடு இப்போது ஏன் சுருங்குகிறது? சுத்து பெருசாப் போனதை அதுக்கு யாரு சொல்றது. காதர் சொன்னது இப்போதுதான் காதுக்குள் இறங்கியது. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. இடது காது, அது எப்போதும் அப்படித்தான். அதை இப்போது நினைக்க வேண்டாம். சுத்து, சுத்தைப் பற்றி நினை. பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து நடந்துபோகும் சின்னப் பிள்ளையும் அப்பனும். வீட்டிலிருந்து பிள்ளையார் கோவில் முக்கு வரைக்கும். "அம்மா, நான் நூத்தியிருவது எட்டு வச்சேன், அப்பா எம்பதுதான் வச்சாரு, அப்பா கள்ளாட்டை!" ஒரே ரோடு, ஒரே முக்கு. எட்டு நீளமானவனுக்கு எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான், அதில் கள்ளாட்டை ஏது என்று அவள் அன்றைக்கு எவ்வளவு சொல்லியும் அந்தப் பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. நாலு வயது. ரெட்டைச்சடை. நாகஜோதி.

சொல்லிவிட்டாள். உள்ளேதான், ஆனாலும் சொல்லிவிட்டாள். ரெண்டு வருசமாக வீட்டில் சொல்லாத பெயர். பெற்றது ஒன்றே ஒன்று, நர்சு படித்த பிள்ளை, வேற ஆளுகள் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு வேலாங்குளத்துக்குப் போன அன்று இவன் கிணற்றடிக்குப் போனான், ஒரு குடம் இறைத்துத் தன் தலையில் கவிழ்த்தான், "எனக்கு மக இல்ல" என்றான். செத்தவர்களுக்கு முழுகுகிற முழுக்கு. தெருவே பார்த்தது. ரெண்டாவது குடத்தை இறைத்தான், அவள் பக்கம் திரும்பினான், ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் தலையில் கவிழ்த்தான். தண்ணீர் இடது காதுக்குள் போனது. ஒரு வாரம் வரவில்லை. சாய்ந்து குதித்தாள், சூடு காட்டினாள், பஞ்சு வைத்தாள். இன்னும் அந்தத் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது, அந்தப் பெயர் வந்தால் கலங்கும். அவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவன் வாயும் தெருவின் வாயும் சேர்ந்து அவளுக்காகப் பேசிவிட்டன. பிள்ளை பிறந்தது என்று பஸ்ஸில் யாரோ சொல்லித் தெரிந்தது, ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா என்று கேட்கவும் வாய் வரவில்லை.

வேண்டாம், கணக்குக்கு வா. பதினைந்துக்குப் பதினாலு என்றால் நூற்றைம்பதுக்கு? நூற்றுநாற்பது. நூற்றுநாற்பது! அப்படியென்றால் அந்த மூன்று சனிக்கிழமையும் எஸ்டேட்டுக்கே போயிருக்கிறான், எங்கேயும் நிற்கவில்லை, போலீசிடம் அறுபது என்று சொன்னதும் பொய்யில்லை, முள் அறுபதில் நிற்க வண்டி அறுபத்துநாலில் ஓடியிருக்கிறது, பாக்கியம் பாவம், அவள் தன் பல் வரிசையை வைத்துக்கொண்டு சும்மா டீ ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. மஞ்சப்பையின் அடியில் இருந்த சோப்பு டப்பா தொடையில் குத்தியது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள், காதோரம் நரைத்த முடியை, ஸ்டியரிங்கைப் பிடித்த மொத்தை விரல்களை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று வாயெடுத்தாள். எடுத்த வாய் அப்படியே நின்றது.

நூற்றுநாற்பது நிசம் என்றால், போன ரெண்டு சனிக்கிழமை நூற்றைம்பது?

எந்த ரெண்டு நாள் அவள் அப்பாடா என்றாளோ அந்த ரெண்டு நாள். போலீஸ் பிடித்த மறுநாள் காதரிடம் கேட்டிருக்கிறான். மீட்டர் குறைத்துக் காட்டும் என்று தெரிந்துகொண்டிருக்கிறான். அடேயப்பா, பத்துக் கல் கையில் மிச்சம், எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம், வீட்டில் ஒருத்தி நூற்றைம்பதைப் பார்த்துவிட்டு உலை வைப்பாள். சத்தியம் செய்த மீட்டரையே கூட்டுக்குச் சேர்த்துக்கொண்டான்! எங்கே போனான்? மீட்டருக்குப் பத்து என்றால் ரோட்டுக்குப் பத்தே முக்கால். போக அஞ்சு சொச்சம், வர அஞ்சு சொச்சம். அஞ்சு சொச்சம் தள்ளி யார் வீடு? சீட்டாடுகிற தோப்பு ரெண்டு கல்லில் இருக்கிறது, அது இல்லை. பாக்கியம் கடை ரோட்டுமேலேயே இருக்கிறது, அது இல்லை. அஞ்சு சொச்சம், இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எழுத்தாகவே பார்த்திருக்கிறாள். நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த இடம் வந்தால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள், ஆனால் திரும்புவதற்கு முன்னால் ஒரு நொடி கண் பார்த்துவிடும். கீச் என்றது சீட்டுக்கடியில். நாற்பத்தாறாம் கல். உறுமல். புளியமரம். நாற்பத்தைந்தாம் கல், மீட்டர் நானூற்றுநாற்பது, முப்பது கல்லுக்கு இருபத்தெட்டு, துளி பிசகவில்லை. அதோ தோரண வளைவு, சுண்ணாம்பு உதிர்ந்த தூண், பக்கத்தில் பலகை. வேலாங்குளம் 5.4 கி.மீ. அவள் பலகையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். ஜீப் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் கண் மட்டும் ஒரு தடவை இடப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. போகாத ரோட்டுக்கு ஒருத்தன் கண் அப்படிப் போகாது.

"நிறுத்துங்க."

"என்னாச்சு?"

"நிறுத்துங்கங்கிறேன்."

நிறுத்தினான். பின்னால் வந்த லாரி திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனது. எம்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தன தடவ போனீங்க?"

"எங்க?"

"நானூத்திநாப்பது காட்டுது பாருங்க, உங்க சாட்சி. கல்லை எண்ணிக்கிட்டேதான் வாரேன். நூத்திநாப்பது காட்டுனாத்தான் நேர் வழி. போன ரெண்டு வாரம் நூத்தம்பது. எத்தன தடவ போனீங்க?"

அவன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். மீட்டரைப் பார்த்தான், காட்டிக்கொடுத்தவனைப் பார்க்கிற மாதிரி.

"ரெண்டு தடவ," என்றான். "மொதத் தடவ தெருமுக்கோட திரும்பிட்டேன். போன வாரம் நம்ம பிள்ள அதுவா வந்து கூப்பிட்டுச்சு. ஒரு சொம்புத் தண்ணி குடுத்துச்சு. குடிச்சேன்."

"தண்ணி குடிச்சீங்களா."

"ம்."

"ஏன் தலையில ஊத்திக்கிறலயா?"

தூரத்தில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம். அவளுக்குள் எரிந்தது. அவன் போனதற்கா? போனதற்கு இல்லை. தனியாகப் போனதற்கு. அந்த ரெண்டு ராத்திரியும் அவள் போட்ட சோற்றைச் சிரித்துக்கொண்டே தின்றதற்கு. பாக்கியம் வீடாக இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது, அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறியிருக்கலாம், இதற்கு எந்தப் பஸ்ஸில் ஏறுவது?

"தெருவுக்கு என்னா பதில் சொல்றதுன்னு தெரியல, ஒச்சு," என்றான். "முழுகுனவனே போயி நின்னா சிரிப்பாங்ய. ஒனக்குச் சொன்னா நீ அன்னைக்கே கெளம்பிருவ. அதான்... எட்டு வைக்குது அது பெத்தது. பொம்பளப் பிள்ள. சொவத்தைப் பிடிச்சு மூணு எட்டு. நாலாவதுல விழுந்துருது."

அவள் குனிந்தாள். சீட்டுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். பழைய கோணிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள்ளே ஒரு ஜோடிச் செருப்பு, உள்ளங்கை அகலம்கூட இல்லை, சிவப்பு. குதிகாலை விரலால் அமுக்கினாள். கீச்.

அதைச் சீட்டின் மேலே வைத்தாள். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டாள். கம்பியைப் பிடித்து, எட்டாத காலை எட்டி, இறங்கினாள்.

"ஏ, ஏறு, வண்டியத் திருப்புறேன். அஞ்சரைக் கல்லு இருக்குடி, வெயிலு."

"நீங்க காயை எறக்கிட்டு வாங்க."

"காயி கெடக்கட்டும், ஏறுங்கிறேன்."

"ஏங்க, நான் முழுகல," என்றாள். சத்தம் போடவில்லை, வீட்டில் உப்பு எடுத்துத் தரச் சொல்லுகிற குரல். "அன்னைக்கு ஊத்துனது நீங்க. என்னைய ஒருத்தரும் கேக்கல. உங்க வண்டியில போயி எறங்குனா நீங்க கூட்டிட்டு வந்ததா ஆயிரும். நானே வந்ததா இருக்கட்டும்."

வளைவுக்கு அடியில் நிழல் ஒரு நொடி குளிர்ந்தது, அப்புறம் வெயில். தார் போட்டு ரொம்ப நாளான ரோடு, ரெண்டு பக்கமும் சோளத்தட்டை. ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிட்டிருந்தாள். பின்னால் எம்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. போய்விடுவான். காய் வாடிவிடும் என்று போய்விடுவான், கடைக்காரன் ஏசுவான் என்று போய்விடுவான், ரோட்டில் எவனாவது தெரிந்தவன் வந்துவிட்டால் போயே விடுவான். பதினெட்டு, பத்தொன்பது. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பார்த்ததாக ஆகிவிடும். கியர் போடுகிற சத்தம் எப்போது வரும் என்று இடது காது, அடைத்த காதுதான், பின்பக்கமாகவே இருந்தது. முப்பத்தொன்று. எம்ஜின் நின்றது. உறுமல் போன இடத்தில் மைனாக்கள் கத்துவது கேட்டது. கதவு அடிக்கிற சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பீடி பற்றவைக்கிறானோ என்னவோ, சந்தேகமாகத்தான் இருந்தது.

நாற்பது. நாற்பத்தொன்று.

கீச் என்றது பின்னால், கையில் பிடித்திருக்கிற செருப்பு. அதோடு நீளமான எட்டுகள், அவளுடைய மூன்றுக்கு அவனுடையது ரெண்டு. அவள் நடையைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. மெயின் ரோட்டோரம் வெயிலில் கத்தரிக்காய் காய, மீட்டர் நானூற்றுநாற்பதிலேயே நிற்க, வண்டியில் கடைசியாக இருந்த ஆளும் இறங்கி நடந்து போயிருந்தான்.